வளந்தை இறக்கிய இடம்

1

இங்கே வைகாசி என்றால் குளிர் தொடங்குகிற மாதம். வெயில் ஏறும்வரைக்கும் நான் வெளியே போவதில்லை. ஏறிய பிறகு, மகளின் பழைய கம்பளிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, பின்வளவில் சாடியில் நிற்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். இந்த அவுஸ்திரேலியக் குளிருக்கு அது இலையெல்லாம் கொட்டிவிட்டு ஈர்க்காய் நிற்கும். சாகாது. "உங்களைப் போலத்தான் அம்மா, லேசில போகாது" என்று மகள் பகிடி பண்ணுவாள். எனக்கு அது பகிடியாய்த் தெரிவதில்லை, பெருமையாய்த்தான் தெரியும்.

அன்றைக்கு அந்தச் சாடியடியில் நிற்கும்போதுதான் ஜீவன் தொலைபேசியில் கோல் எடுத்தான்.

ஜீவன் என் தம்பியின் ஒரே மகன். தம்பி காலமான பிறகு தாயும் அவனுமாய் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், வவுணதீவுக்கு அங்கால், வயல் வட்டைக்குப் பக்கத்தில். அவனிடம் ஒரு ஜீப் இருக்கிறது. கிளச் இல்லாதது, கியர் தானாகவே மாறும். விடிய புளியந்தீவில் நின்று ரீச்சர்மாரை ஏற்றி, வாவியைத் தாண்டிக் கொண்டுவந்து பள்ளிக்கூடங்களில் இறக்குவான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றுவான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஜீப்பால்தான்.

"மாமி, ஜீப் திரும்பவும் ரோட்டுக்கு வந்திட்டு" என்றான். "கியர்ப் பெட்டி சரி. இந்த முறையும் வளந்தை நானே ஏத்திக்கொண்டு போறன். நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க."

யோசிக்காதே என்று அவன் சொன்ன நிமிசத்திலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை.

வளந்து என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுப் பானையில் அரிசியும் தேங்காயும் வேப்பிலையும் வைத்துக் கட்டி, கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், முன்றலில் பொங்கிப் படைப்பது. வருசத்துக்கு ஒருமுறை கதவு திறந்து, குளிர்த்தி பாடி, அம்மனை ஆறப்பண்ணி, திரும்பக் கதவு பூட்டுவார்கள். என் மகள் ரதி கைக்குழந்தையாய் இருந்தபோது அவளுக்கு அம்மாள் வருத்தம் வந்தது. கண் இமையில்கூடக் கொப்புளம். அப்போது நேர்ந்தேன், நான் உள்ளவரை வருசா வருசம் ஒரு வளந்து என்று.

எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு கட்டு இருக்கிறது. வீட்டில் வளந்தைத் தூக்கினால் கோயில் முன்றலில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் நிலத்தில் வைக்கக் கூடாது. நிற்கவும் கூடாது. மற்ற வீடுகளில் இப்படி இல்லை. எங்கள் தாய்வழிக் குடியில் வந்த கட்டு, என் தாய்க்குப் பிறகு என் கையில் இருக்கிறது. அதைக் கூட்டவோ குறைக்கவோ என்னால்தான் முடியும். என் தம்பியின் பெண்சாதி மலர் வேறு குடி. ஜீவனும் தாயின் குடிதான். அவர்கள் எனக்காகச் சுமக்கிறவர்கள். சுமக்கிறவர்கள் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்துப் பிழையை ரதி பார்ப்பாள். மற்றப் பிழையைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

2

போன வருசம் நான் ஊரில் நின்றேன். வெளிநாடு வந்த பிறகு நானே வளந்தை மடியில் வைத்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. பட்டுச் சேலை உடுத்திருந்தேன். ஜீப்பில் முன் இருக்கை எனக்கு. பின்னால் மலர் மச்சாளும் அயலட்டைப் பெண்களும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் விறகுக் கட்டு. வாகனம் தாழ்ந்துபோய் நின்றது.

கோயிலுக்குச் சுற்றுப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் மதகு உடைந்து கிடந்தது. அதனால் வட்டைக்குள்ளால் போனோம். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், வரம்போரப் பாதை முழுக்கச் சேறு. அதைத் தாண்டினால் வாவிக்கரை மணல். கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் போகிற மணல். கச்சான் காற்று வேறு, அடுப்புக்குள்ளிருந்து ஊதுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது.

சேற்றில் ஜீப் முனகிக்கொண்டு போனது. சில்லு சுற்றுவது கூட, வாகனம் நகர்வது கொஞ்சம். மணலில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஜீவனுக்கு முன்னால் ஒரு சிவப்பு லைட் பற்றிக்கொண்டது.

"மாமி, கியர் ஒயில் சூடேறிற்று. கொஞ்ச நேரம் நிப்பாட்டி ஆறவிடுவம்."

"மடியில வளந்து இரிக்கு மனே. மிதி."

அவன் மிதித்தான். கொஞ்சத் தூரம் போனதும் திரும்பக் கேட்டான். இப்படியே போனால் கியர்ப் பெட்டி எரிந்துவிடும் என்றான். நான் அவனைப் பார்க்கக்கூட இல்லை.

"போடியார் வீட்டு வளந்து நடு மணலில நிண்டதெண்டு நாளைக்குச் சனம் பறையும். மிதி."

அப்படிச் சொன்னது பக்தியால் மட்டும் என்று சொன்னால் பொய். என் புருசன் போடியார், வட்டைக்குச் சொந்தக்காரர். அவர் பாயில் விழுந்த பிறகு வட்டையை நடத்தியது நான். சேற்றில் உழவு மெசினை நிறுத்தினால் அது நின்ற இடத்திலேயே குந்திவிடும். நிறுத்தாமல் மிதித்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை மெசின்காரரை வரம்பில் நின்று ஏசியே கரையேற்றியிருக்கிறேன். அந்தத் தெம்பு எனக்கு. எல்லா வாகனமும் ஒரே சாதி என்று நினைத்தேன்.

கோயில் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு மருத மரத்தடியில், ஜீப்புக்குள் ஒரு தீய்ந்த மணம் வந்தது. எஞ்சின் கத்தியது. சில்லு அசையவில்லை. ஜீவன் கியரை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுப் பார்த்தான், பிறகு கையை எடுத்துவிட்டான்.

நான் இறங்கினேன். வளந்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு அந்த மணலில் நடந்தே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வளந்துக்கு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு கட்டு எங்கள் வீட்டில் இல்லை.

கோயிலில் சனம் கேட்டது, என்ன நடந்து வாறீங்க என்று. "ஜப்பான்காரன் கழிச்சுவிட்ட வாகனம், அதுக்கு நம்மட மண்ணில ஓடத் தெரியல்ல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மலர் சிரிக்கவில்லை. மூன்று கல்லை வைத்து எனக்கு அடுப்பு மூட்டித் தந்துவிட்டு, மகனுக்குத் தண்ணீர் கொண்டு போகிறேன் என்று போனவள், குளிர்த்தி முடிந்துதான் வந்தாள்.

ஜீவன் வரவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ உழவு மெசினைக் கொண்டுவந்து ஜீப்பை இழுத்துப் போனார்களாம். அதுவரைக்கும் அவன் அந்த மரத்தடியிலேயே நின்றிருக்கிறான். அம்மனைக் குளிரப்பண்ணப் பாடுகிற சத்தம் அங்கே நன்றாய்க் கேட்கும். கேட்டுக்கொண்டு நின்றிருப்பான்.

நான் திரும்பி வரும் நாளில் வேறு யாருடையவோ வான் வண்டியில் வந்து என் பெட்டிகளை ஏற்றினான். ஜீப் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவனே எடுத்தான்.

"பரவாயில்ல மாமி. இரும்புதானே."

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சாதிக் கியர்ப் பெட்டி கொழும்பில்கூட லேசில் கிடைக்கவில்லை. ரீச்சர்மார் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வேறு வான் பிடித்துவிட்டார்கள். ஜீவன் ஒருவருக்கு மண் ஏற்றுகிற ரிப்பர் லொறி ஓடப் போனான். சொந்த வாகனக்காரனாய் இருந்தவன். நான் உதவி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் மாமி, நீங்கள் வளந்துக்கு வந்த ஆள் என்று சொல்லி முடித்துவிட்டான். ஒருதரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஆளுக்கு முகத்துக்கு நேரே யார் சொல்லுவார்கள்? ஊரோடு இருக்கிற மச்சாளாய் இருந்திருந்தால் மலர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். அப்படிக் கட்டியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

3

இந்த வருசம் நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். இங்கே என்னுடைய விசா அலுவல் ஒன்று இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. முடிவு வருமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைவது கரைச்சலாம். குடிவரவுக் கந்தோரில் கூப்பிட்டு இருத்தி, மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசியில் ஒரு தமிழரைப் பிடித்துத் தந்தார்கள். அவர் இந்தியத் தமிழர், நல்ல மனிசன். நான் "ஓம்" என்கிற ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதாவது ஆமாங்களா அம்மா?" என்று கேட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அவர் என்னை மொழிபெயர்க்க, அவருக்கு என்னை மகள் மொழிபெயர்த்தாள். பிறந்த இடம் என்று கேட்டதற்கு நான் படுவான்கரை என்றேன். அவர்களுடைய தேசப்படத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. மட்டக்களப்பு என்று எழுதிக்கொண்டார்கள். சூரியன் படுகிற கரை என்று நான் விளங்கப்படுத்தியதை அவர் மொழிபெயர்த்தாரோ இல்லையோ தெரியாது.

ரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் அந்த நேர்த்தி. அவளோ, "எனக்கா? நான் கேட்டனா அம்மா?" என்பாள். கோபத்தில் அல்ல, சும்மா. கோயிலுக்கு வருவாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவளுடைய கோயில் வேறு. சனிக்கிழமையானால் நான்கு சில்லும் இழுக்கிற தன் வாகனத்தில் கடற்கரை மணல், காட்டுப்பாதை என்று போவாள். அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது இங்கே. ரோடு இல்லாத இடத்தில் வாகனம் ஓடுவது இவர்களுக்கு விளையாட்டு. ரோடு இல்லாததால் ஓடியவர்கள் நாங்கள்.

இந்த வருசம் மாசியில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போனாள். நல்ல வெயில். மணலில் இறங்குமுன் இறங்கி நான்கு ரயருக்கும் காற்றைக் குறைத்தாள். காற்றுக் குறைந்தால் ரயர் மணலில் அகலமாய்ப் படியும், வாகனம் புதையாது, கியர்ப் பெட்டிக்கும் பாரம் குறையும் என்றாள். இன்னொரு தடியை இழுத்து லோ கியரில் போட்டாள். அவள் சொல்வதை நான் பாதி காதில் வாங்கினேன். நெடுந்தூரம் போனோம். ஒரு மணல் மேட்டில் ஏறும்போது அவளுக்கு முன்னால் ஒரு சிவப்பு லைட் பற்றிக்கொண்டது.

எனக்கு அந்த லைட்டைத் தெரியும்.

ரதி மேட்டிலிருந்து மெல்ல இறக்கி, இறுகின மணலாய்ப் பார்த்து, வாகனத்தின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை, கியரை மட்டும் எடுத்துவிட்டாள். முன்மூடியைத் திறந்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி எனக்கும் தந்தாள்.

"என்னத்துக்குக் குந்திக்கொண்டிரிக்கிறம்?" என்று கேட்டேன்.

"ஒயில் ஆறட்டும் அம்மா. அவசரமில்லையே."

கிளச் இல்லாத வாகனத்தில் எஞ்சினின் பலத்தைச் சில்லுக்குக் கடத்துவதே அந்த ஒயில்தானாம். எஞ்சின் கத்தியும் சில்லு நகராவிட்டால் அந்தப் பலமெல்லாம் ஒயிலைக் கடைந்து சூடாக்கும். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்து நாறுமே, அப்படித்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன். கறுத்தால் அதற்கு வழுவழுப்புப் போய்விடும், பெட்டி தன்னைத் தானே தின்னும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஒயில் குழாய்க்குள்ளால் போய் முன்னுக்குக் காற்றில் ஆறி வரும், அதனால்தான் நிறுத்தக் கூடாது.

"சேத்துக்குள்ள நிண்டா?" என்றேன். "புதையாதா?"

"சேத்துக்குள்ள ஏன் நிக்கிறது? இறுக்கமான இடம் பாத்து நிக்கிறது. லைட் வந்த உடனே பெட்டி போகாது அம்மா, ஒரு இடம் பாக்க நேரம் தரும். அதுக்குப் பிறகும் மிதிச்சாத்தான் போகும்." பிளாஸ்கை மூடிக்கொண்டு கேட்டாள். "ஜீவன் மச்சான்ட ஜீப்பில லைட் வரல்லையா?"

"வந்தது."

"அவர் காணல்லையா?"

தேத்தண்ணி கையில் ஆறிக்கொண்டிருந்தது. "கண்டவன்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. என் மகள் கெட்டிக்காரி.

லைட் தானாக அணைந்தது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைக் குடித்து முடிக்கிற நேரம்தான். அவ்வளவுதான் ஜீவன் என்னிடம் கேட்டது. அவ்வளவு நேரம்.

4

ஜீவன் கோல் எடுத்த அன்றைக்கு இதெல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. எங்கள் வீட்டில் ஒருதரும் கேட்டு நான் கண்டதில்லை. அதனால் சொல்லிக்கொடுக்கிற மாதிரித் தொடங்கினேன். ரயருக்குக் காற்றைக் குறை. லோவில் போ. சில்லு சும்மா சுற்றினால் மிதிக்காதே. புதைந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறிப் போட்டு ஆட்டாதே, இறங்கி மண்ணை வாரி எடு. ஒயிலை இடைக்கிடை எடுத்து மணந்து பார், கறுப்பாய்த் தீய்ந்த மணம் வந்தால் மாற்று. ஒயில் ஆறுவதற்குத் தனியாக ஒரு குழாய்த் தட்டு முன்னுக்குப் பூட்டலாமாம், அதையும் விசாரி.

அவன் எல்லாவற்றுக்கும் ஓம் மாமி, ஓம் மாமி என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில்தான் சொன்னான், அந்தத் தட்டைப் போன மாதமே பூட்டிவிட்டானாம்.

"அப்ப உனக்கு இதெல்லாம் தெரியுமா மனே?"

"தெரியும் மாமி. அண்டைக்கும் தெரியும்."

குரலில் ஒரு குத்தலும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் கறிவேப்பிலைச் சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

தொலைபேசியில் அவனுக்குப் பின்னாலிருந்து மலர் மச்சாளின் சத்தம் கேட்டது. "மாமிட்டக் கேளு, மதகு இன்னும் கட்டல்ல. மணல் போன முறையிலும் பாக்க மோசம். வழியில நிக்கப்படாதெண்டா நான் வளந்தை இப்பவே தூக்கிக்கொண்டு நடந்து வெளிக்கிடுறன்கா, குளிர்த்திக்குப் போய்ச் சேந்திருவன்."

"சும்மா இருங்க அம்மா" என்றான் ஜீவன். பிறகு என்னிடம், "நீங்க சொல்றபடி செய்வம் மாமி."

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நிற்கலாம், இறக்கலாம், கட்டை நான் அவிழ்த்துவிட்டேன் என்று. என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "பாப்பம்."

தொலைபேசியை வைத்துவிட்டு அந்தப் பாப்பத்தை நினைத்து நினைத்து இரண்டு கிழமை திரிந்தேன். என் தாய் என்னிடம் தந்ததை, தொலைபேசியில், கம்பளிச் சட்டையோடு நின்று எப்படி அவிழ்ப்பது? அதுவும் மலர் கேட்டா அவிழ்ப்பது? இப்படி ஒரு புத்தி. ரதியிடம் கேட்டேன், எனக்குப் பிறகு இந்தக் கட்டு உன் கைக்குத்தானே வரும், நீ என்ன செய்வாய் என்று. அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தந்தா நான் முதல் வேலையா ஜீவன் மச்சானை நிப்பாட்டச் சொல்லுவன்" என்றாள்.

5

அந்த நாள் வந்தது. ஊரில் பின்நேரம், இங்கே பொழுது பட்டுவிட்டது. ரதி வீடியோ கோல் போட்டு, தொலைபேசியை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து மேசையில் வைத்தாள். நான் தலை தோய்ந்து, சேலை உடுத்து, அதற்கு முன்னால் இருந்தேன்.

ஜீப்பில் பின் இருக்கையில் இருந்த அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முன்னால் இடப்பக்கம் மலர், மடியில் வளந்து. வலப்பக்கம் ஜீவனின் கை, சுக்கான், அதற்கு முன்னால் லைட்டுகள் எரிகிற தட்டு. கண்ணாடிக்கு அப்பால் வட்டை பச்சையாய் ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை விறகை முதலே அனுப்பிவிட்டான். ஆட்களும் குறைவு. சேற்றுக்கு முன்னால் இறங்கி ரயருக்குக் காற்றுக் குறைத்தான். லோவில் போட்டான். சேற்றை மெல்லமாய்த் தாண்டினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான்.

"பாத்தீங்களா மச்சாள், உங்கட வளந்துக்கு முன் சீற் தந்திரிக்கு" என்று மலர் என்னைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு இல்ல, வளந்துக்கு."

நான் சிரித்தேன். படம் விட்டு விட்டு வந்தது. மணலில் ஏறினார்கள். கச்சான் தூக்கிய மணல் கண்ணாடியில் இரைகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. மலர் சொன்னது சரி, மணல் போன வருசத்திலும் மோசம். ஜீப் ஊர்ந்தது. எஞ்சின் சத்தம் மாறியது. அந்தத் தட்டில் சிவப்பாய் ஒன்று பற்றிக்கொண்டது.

ஜீவன் கேட்பான் என்று காத்திருந்தேன். போன வருசம் கேட்டானே. இப்போது கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவேன், அவன் கேட்கிறபடியால் சொல்கிற மாதிரி இருக்கும், என் மரியாதையும் நிற்கும். அதற்கு நான் ஆயத்தமாய் இருந்தேன்.

அவன் கேட்கவில்லை. லைட்டைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான். கழுத்தில் வேர்வை ஒழுகியது. கை சுக்கானை இறுக்கிப் பிடித்தது, மிதித்த கால் எடுபடவில்லை. மலரும் லைட்டைக் கண்டாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்டு என்னத்துக்கு? திரும்ப ஒரு வருசம் ரிப்பர் ஓடலாம், மாமியின் வளந்து நிற்கக் கூடாது. அவன் அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறான். காற்றுக் குறைத்ததும் குழாய்த் தட்டுப் பூட்டியதும் தப்பினால் தப்பட்டும் என்பதற்கு. அப்படி ஒரு பிள்ளையை நான் ஆக்கி வைத்திருக்கிறேன்.

"ஜீவன். நிப்பாட்டு."

"கிட்ட வந்திட்டம் மாமி, கொடி தெரியுது."

"போன முறையும் தெரிஞ்சதுதானே. நிப்பாட்டு மனே. இறுகின இடமாப் பாத்து, காத்துப் பக்கம் திருப்பி நிப்பாட்டு. எஞ்சினை நிப்பாட்டாத, கியரை மட்டும் எடுத்துவிடு."

ஜீப் வளைந்தது. படம் ஆடியது. நிலைக்கு வந்தபோது கண்ணாடியில் ஒரு மருத மரம் நின்றது. எனக்கு அந்த மரத்தைத் தெரியும். ஜீவனும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வளந்து மச்சாள்?" என்றாள் மலர்.

"இறக்கு."

"நிலத்திலயா?"

"மடியில வெச்சிரிந்தா உனக்குக் கால் மரத்துப் போகும். நிலத்தில இறக்கி வை."

அவள் என்னை நீளமாய்ப் பார்த்தாள். குடியின் கட்டை அவிழ்க்கிற நேரத்தில் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு இறங்கி, மரத்து வேருக்கு அருகே வேப்பிலையைப் பரப்பி, அதில் வளந்தை வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு கையையும் உதறினாள்.

"அப்பாடா. உங்கட அம்மா என்ன பாரம்" என்றாள். அம்மனைச் சொன்னாளோ, என் தாயைச் சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

பிள்ளைகள் வாவித் தண்ணீரில் கால் நனைக்க ஓடினார்கள். ஜீவன் முன்மூடியைத் திறந்துவிட்டு, ஜீப்புக்குப் பக்கத்தில் மணலில் குந்தினான். காற்று அவனுடைய சட்டையை ஊதிப் பெருப்பித்தது. கோயிலில் பறை தொடங்கிவிட்டது, எனக்கே கேட்டது. எங்களுக்கு முன்னால் எத்தனையோ வளந்து அடுப்பில் ஏறிவிட்டிருக்கும். ஏறட்டும். நான் இங்கே ரதி ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். அவளும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இவ்வளவு நேரம் அவள் வளந்துக்கு முன்னால் இருந்ததை நான் கண்டதில்லை.

லைட் அணைந்ததும் ஜீவன் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஏறினான். நான் அவசரப்படுத்தவில்லை.

கடைசி வளந்தாய் எங்கள் வளந்து பொங்கியது. பால் எந்தப் பக்கம் சரிந்தது என்று எனக்குத் தெரியாது, படம் அறுந்து போனது. திரும்ப வந்தபோது குளிர்த்தி பாடிக்கொண்டிருந்தார்கள். சனத்துக்குள்ளே ஒரு முதுகு தெரிந்தது, சட்டை இல்லாமல், வேர்வை காயாமல். ஜீவன். போன வருசம் அவன் நிற்காத இடம்.

எனக்கு மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். அவனுடைய ஒரு வருசம் எங்கே? ரீச்சர்மார் இன்னும் திரும்பவில்லை. வேறு ஆட்களைப் பிடிக்கத் திரிகிறான். இதை வாசிக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஜீப்பில் குறை இல்லை, ஓடினவனிலும் குறை இல்லை. கோயில் முன்றலில் நான் சிரிப்புக்குச் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நம்பி ஏறுங்கள்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஜீவன் கோல் எடுத்தான். பொங்கல் ருசியாய் இருந்ததென்றான், தாய் கால் வலிக்குது என்று படுத்துவிட்டாள் என்றான். பிறகு கேட்டான்.

"மாமி, லைட் வந்ததை எப்பிடிக் கண்ட நீங்க? அந்தச் சின்னப் படத்தில?"

"வழி முழுக்க அதைத்தான் பாத்துக்கொண்டிரிந்தன் மனே" என்றேன். "வளந்தைப் பாக்கல்ல."